பெருந்தொற்றும் புற்றுநோயும்: நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கீமோவின் இரண்டாம் சுற்று முடித்து மூன்றாம் சுற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், கரண்ட் வைப்பதில் (கதிர்வீச்சு சிகிச்சையில்) பாதியைக் கடந்திருந்தவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தவர்கள் அனைவரும் அந்த இரவில் ஒரே தவிப்புக்கு ஆளானார்கள். வெளியே போனால் தொற்று வந்துவிடுமோ என்ற பயமும், போகாவிட்டால் உள்ளே இருக்கும் நோய் வளர்ந்துவிடுமோ என்ற பயமும் அவர்களை ஒருசேர வாட்டின. அந்தக் காலத்தில் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தமிழ்நாட்டுச் சூழலை முன்வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் நோய், உங்கள் மருந்து, உங்கள் ரத்த அணுக்களின் அளவு ஆகியவற்றை அறிந்த மருத்துவரின் சொல்லே உங்களுக்கு முடிவானது.

புற்றுநோய் இருந்தாலே கோவிட் கடுமையாகத்தான் தாக்குமா?

தொடக்கத்தில் பரவிய அச்சத்துக்கு ஒரு முக்கியக் காரணம், சீனாவிலிருந்து 2020 பிப்ரவரியில் வெளிவந்த ஓர் ஆய்வு. புற்றுநோயாளிகளுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு மிக அதிகம் என்று அது கூறியது. ஆனால் அதில் இடம்பெற்ற புற்றுநோயாளிகள் வெறும் 18 பேர். எப்போதோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு நலமாக இருந்தவர்களும் அந்த 18 பேருக்குள் இருந்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பிரிட்டனில் 800 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது படம் தெளிவாயிற்று. முதுமை, ஆணாக இருத்தல், உயர் ரத்த அழுத்தம், இதயநோய் போன்ற துணைநோய்கள் ஆகியவையே இறப்பு அபாயத்தைப் பெரிதும் தீர்மானித்தன. முந்தைய 4 வாரங்களுக்குள் கீமோ எடுத்திருந்தது தனியாக அந்த அபாயத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை.

இதனால் ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்ற புற்றுநோய் உள்ளவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும், நுரையீரலில் புற்று உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்மையிலேயே கூடுதல். 10 ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் குணமாகி இன்று மாத்திரைகூட எடுக்காத ஒருவரை இவர்களோடு சேர்த்து ஒரே அச்சத்துக்குள் தள்ள வேண்டியதில்லை.

தொற்று ஓயும்வரை கீமோவையும் அறுவை சிகிச்சையையும் நாமே தள்ளிப்போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் உங்களால் படிக்க முடியும் என்றால் இதையே படியுங்கள் என்பேன். மருத்துவர் தள்ளிப்போடுவதும் நாம் போகாமல் இருந்துவிடுவதும் ஒன்றல்ல.

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கைத் திரட்டிய ஆய்வு, 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை 2019இன் அதே மாதங்களோடு ஒப்பிட்டது. புதிதாகப் பதிவு செய்தவர்கள் 54 விழுக்காடு குறைந்திருந்தார்கள். பெரிய அறுவை சிகிச்சைகள் 49 விழுக்காடும், வெளிநோயாளிகளுக்கான கீமோ 37 விழுக்காடும் குறைந்திருந்தன. அந்த மூன்று மாதங்களில் புற்றுநோய் குறைந்துவிடவில்லை, நோயாளிகள் வந்து சேரவில்லை. சிகிச்சை 4 வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 13 விழுக்காடு வரை கூடக்கூடும் என்று அதே ஆண்டு நவம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், போகாமல் இருந்ததற்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்திருக்கும் என்பது விளங்கும்.

எல்லாத் தாமதமும் ஒரே அளவு கெடுதி செய்வதில்லை. வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்குச் சில நாள் தாமதமே உயிருக்கு உலை வைக்கும். ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்கு முன்பே ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிவிட்டுச் சில வாரங்களோ மாதங்களோ காத்திருக்க முடியும். சிறிய தைராய்டு கட்டிகளும், மெல்ல வளரும் புராஸ்டேட் புற்றுநோயும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதைத் திசுப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். வாரந்தோறும் ஏற்றும் கீமோவை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மாற்றுவது, ஏற்றும் மருந்துக்குப் பதில் மாத்திரையாகத் தருவது, வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசியை முன்கூட்டியே போடுவது எனப் பல மாற்று வழிகள் அவரிடம் இருந்தன. இவற்றைக் கேட்டுப் பெற்றவர்கள் வீட்டிலும் இருந்தார்கள், சிகிச்சையிலும் இருந்தார்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, ஊரடங்கின் முதல் வாரங்களிலும் பெரிய அறுவை சிகிச்சைகளை நிறுத்தவில்லை. மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை 494 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அறுவைக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. கவனத்தோடு செய்தால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அப்போது இந்தியாவில் இல்லை.

கரண்ட் வைப்பது பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும்?

கதிர்வீச்சு சிகிச்சையில் மொத்தம் எத்தனை நாளில் முடிகிறது என்பதற்கும் குணமாவதற்கும் தொடர்பு உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயில், உடலுக்குள் வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சையும் சேர்த்து, முழுச் சிகிச்சையும் 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது பொதுவான நெறி. வாய், தொண்டைப் புற்றுநோய்களிலும் இடைவெளி விழுவது நல்லதல்ல. எனவே இடையில் நாட்கள் விட்டுப்போனால், விட்டதைக் கணக்கிட்டு ஈடுசெய்ய முடியுமா என்று கதிரியக்க மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். சில வேளைகளில் ஒரே நாளில் இருமுறை கொடுத்தோ, சனிக்கிழமையைச் சேர்த்தோ ஈடுகட்டுவார்கள்.

பெருந்தொற்று தந்த நல்ல மாற்றம் ஒன்றும் இங்கே உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு 3 வாரங்களில் 15 முறை கொடுத்துவந்ததை ஒரே வாரத்தில் 5 முறையாகச் சுருக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020 ஏப்ரலில் வெளியாயிற்று. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறும் பெண்களுக்கு இரண்டு வார வாடகையும் அலைச்சலும் குறைவது சிறிய செய்தி அல்ல. இந்தக் குறுகிய முறை தனக்குப் பொருந்துமா என்று இன்றும் கேட்கலாம்.

பேருந்தும் ரயிலும் நின்ற நாட்களில் நோயாளிகள் எப்படி மருத்துவமனைக்குப் போனார்கள்?

சென்னை, காஞ்சிபுரம், மதுரை, வேலூர், புதுச்சேரி எனச் சில ஊர்களை நம்பியே நம் பகுதியின் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. குமரி மாவட்டத்தில் பலருக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமே பக்கம். அவர்களுக்கு மாநில எல்லையே அடைபட்டுப் போயிற்று. புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் ஓடாத ரயிலில் சலுகை இருந்து என்ன பயன்?

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றிருந்த அந்த மாதங்களில், மருத்துவக் காரணத்துக்கு அது வழங்கப்பட்டது. மருத்துவமனைச் சீட்டின் படத்தைப் பதிவேற்ற வேண்டும். கைபேசியில் அதைச் செய்யத் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லாதவர்கள் கணினி மையத்தைத் தேடிப் போனால் அதுவும் மூடியிருந்தது. கிடைத்தாலும், வாடகைக் காருக்குக் கொடுக்கப் பணம் இருந்தவர்களால்தான் அந்த இ-பாஸைப் பயன்படுத்த முடிந்தது.

அந்த மார்ச் மாத இறுதியில், கும்பகோணம் பக்கத்திலிருந்து 65 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோய் கண்ட தம் மனைவியை மிதிவண்டியில் உட்காரவைத்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனைவிக்குக் குறித்திருந்த கீமோ தேதி தவறிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்த நிலையிலும் அங்கிருந்த மருத்துவர்கள் அந்த அம்மையாருக்குச் சிகிச்சை அளித்து, மாத்திரைகளையும் கொடுத்து, ஆம்புலன்ஸ் வண்டியிலேயே ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். நாடே அவரைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்கவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் மாவட்ட மருத்துவமனைகளோடு கைகோத்துத் தொடர்சிகிச்சையை ஊருக்கருகிலேயே கொடுத்தது. தீயணைப்புத் துறையினர் மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்த்தார்கள். தூரத்தைக் குறைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதை நோயாளியின் தலையில் கட்டுவது முறையாகாது.

கீமோ எடுத்த பின் காய்ச்சல் வந்தால், கோவிட் முடிவு வரும்வரை வீட்டில் காத்திருக்கலாமா?

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கீமோ ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்துவிடும். அந்த நாட்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் அன்று, அவசர நிலை. ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதே மருத்துவர்களின் இலக்கு.

பெருந்தொற்றுக் காலத்தில் சிக்கல் மருத்துவமனை வாசலில் இருந்தது. அங்கே நெற்றியில் வெப்பமானியை நீட்டுபவர் காய்ச்சலைக் கண்டதும் காய்ச்சல் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். அங்கே சளி மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே வாசலில் சொல்லும் முதல் சொற்றொடரே "கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது, இப்போது காய்ச்சல்" என்று இருக்க வேண்டும். கையில் சிகிச்சைச் சீட்டு இருக்க வேண்டும். கோவிட் பரிசோதனை நடக்கட்டும். ரத்த அணு எண்ணிக்கையும் ஆன்டிபயாடிக்கும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

வெப்பம் பார்ப்பதற்கு முன் பாராசிட்டமால் போடாதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், தெருவே நம்மை ஒதுக்கிவிடும் என்று அஞ்சிக் காய்ச்சலை வெளியே சொல்லாமல் மாத்திரையைப் போட்டுப் படுத்திருந்த குடும்பங்கள் அப்போது உண்டு. அந்த அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. தகரம் அடித்தது உண்மை. ஆனால் வெள்ளணு குறைந்த உடம்புக்கு அந்தத் தாமதம் தாங்காது.

கோவிட் வந்து குணமானவர் எப்போது மீண்டும் சிகிச்சையைத் தொடங்கலாம்?

லேசான தொற்றாக இருந்து, காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தீர்ந்துவிட்டால், கீமோவைச் சில வாரங்களிலேயே தொடர முடிந்தது. அறுவை சிகிச்சைக்கு 7 வாரம் வரை பொறுப்பது நல்லது என்று 2021இல் பன்னாட்டு ஆய்வு ஒன்று சொல்லியது. ஆனால் புற்றுநோய் அறுவைக்கு அவ்வளவு காலம் காத்திருப்பது எப்போதும் இயலாது என்பதால், இரண்டு ஆபத்துகளையும் எடைபோட்டே முடிவெடுத்தார்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆர்டி-பிசிஆர் முடிவு வாரக்கணக்கில் பாசிட்டிவ் என்றே வரக்கூடும். உயிரோடு இல்லாத கிருமியின் துணுக்குகளைக்கூட அந்தப் பரிசோதனை காட்டும். 'நெகட்டிவ்' வந்தால்தான் சிகிச்சை என்று பிடிவாதமாக நின்ற இடங்களில் நோயாளிகள் வீணாகக் காத்திருந்தார்கள்.

நுரையீரல் ஸ்கேனில் தெரியும் எல்லா வெண்திட்டும் கோவிட் அல்ல. மார்பில் கரண்ட் வைத்ததால் வரும் அழற்சி, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளால் வரும் அழற்சி, புற்று பரவியது ஆகியவையும் அதுபோலவே தோன்றும். பழைய ஸ்கேன் படத்தைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கையில் பிக் லைன் இருக்கிறது, போர்ட் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போக முடியாவிட்டால் என்ன செய்வது?

இரண்டும் ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றப் பொருத்தப்படுபவை என்றாலும் ஒன்றாக எண்ணக் கூடாது. தோலுக்கடியில் இருக்கும் போர்ட்டை வழக்கமாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மருந்து செலுத்திச் சுத்தம் செய்வார்கள். தேவைப்பட்டால் 8 முதல் 12 வாரம் வரை நீட்டலாம் என்று பல மையங்கள் அப்போது அனுமதித்தன. கையிலிருந்து வெளியே தொங்கும் பிக் லைனுக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு வாரம் ஒருமுறை கட்டு மாற்றியே ஆக வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்திரியின் ஓரம் வியர்வையில் நான்கைந்து நாளிலேயே தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தை வீட்டில் இருக்கும் சாதாரண டேப்பால் ஒட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் பலர் செய்த தவறு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையோ, பழகிய நர்சிங் ஹோமையோ அணுகி, புற்றுநோய் மையத்தின் செவிலியரைக் கைபேசிக் காணொளியில் இருக்கச் செய்து கட்டு மாற்றிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். குழாய் நுழையும் இடம் சிவந்தாலோ, கை வீங்கினாலோ, மருந்து ஏற்றியதும் குளிர் நடுக்கம் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொலைபேசி வழி ஆலோசனை போதுமா? வலி மருந்தும் அப்படிக் கிடைக்குமா?

ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. பின்தொடர் சந்திப்பு, ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டுதல், மாத்திரையின் அளவை மாற்றுதல், பக்கவிளைவுகளைச் சொல்லி வழி கேட்டல் ஆகியவற்றுக்கு இது நன்றாகவே உதவியது; ஆண்டுக்கு இருமுறை பரிசோதனைக்காக மட்டும் இரவெல்லாம் பயணம் செய்துவந்த முதியவர்களுக்கு இது தொடர வேண்டிய வசதி. புதிய கட்டி, ரத்தக்கசிவு, நடக்க முடியாமல் கால் மரத்துப்போதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு இது போதாது.

மார்ஃபின் போன்ற மருந்துகளை இந்த நெறிமுறைகளின்படி தொலைபேசி வழியே எழுதித்தர முடியாது. போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் அதற்கென உரிமம் பெற்ற இடங்களில்தான் அவை கிடைக்கும். இதனால் மிகவும் துன்பப்பட்டவர்கள், நோய் முற்றி வீட்டிலிருந்தே வலி நிவாரணம் பெற்றுவந்தவர்கள்தான். வலியோடு இருப்பவரால் பயணம் செய்ய முடியாது. அவர் சார்பில் வீட்டார் ஒருவர் போய் வாங்க முடியுமா, ஒரே தடவையில் எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்பதை நெருக்கடி வருமுன் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு, உடல் வியர்த்து நடுங்கும் தொல்லையும் வரும். அதோடு மலச்சிக்கலுக்கான மருந்தையும் மறக்காமல் சேர்த்து வாங்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலித்தணிப்புப் பராமரிப்பு அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல் 45 முதல் 59 வயதுக்குள் துணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் உயிருள்ள கோவிட் கிருமி இல்லை என்பதால் அவற்றிலிருந்து நோய் வரும் என்ற பயத்துக்கு இடமில்லை.

பாதுகாப்பின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு தவணை மட்டும் போட்டுக்கொண்ட புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்குக்கூடப் போதிய எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் இன்னும் குறைவு. இரண்டாம் தவணை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும். கோவிஷீல்டின் இடைவெளி 2021 மேயில் 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது மற்றவர்களுக்குப் பொருந்தியிருக்கலாம். புற்றுநோயாளிகளுக்கு விதிவிலக்கு தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தடுப்பூசி போட்டாலும் முகக்கவசத்தை அவர்கள் விடக் கூடாது, வீட்டில் உள்ள எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்தியதன் காரணமும் இதுவே.

மார்பக அறுவையில் அக்குளின் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் மறுபக்கக் கையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் அக்குளில் நெறி கட்டுவது சில வாரம் இருக்கும். அதைப் புற்று திரும்பிவிட்டதாக எண்ணி நடுங்கியவர்கள் ஏராளம். ஸ்கேன் எடுக்கும்போது ஊசி போட்ட தேதியையும் கையையும் சொல்லிவிடுங்கள்.

கபசுரக் குடிநீர், நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா?

தெருத்தெருவாக வழங்கப்பட்டதால் எல்லோரும் குடித்தார்கள். கீமோ மாத்திரையோ, புற்றணுக்களைக் குறிவைக்கும் இலக்குநோக்கு மருந்தோ எடுப்பவர்களின் கல்லீரல் ஏற்கெனவே பல மருந்துகளைக் கையாண்டுகொண்டிருக்கிறது. பல மூலிகைகள் சேர்ந்த எந்தக் குடிநீரையும் நாள்தோறும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், குடித்திருந்தால் மறைக்காதீர்கள். உணவில் சேரும் மஞ்சள், இஞ்சி, மிளகு பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ரத்தமும் தட்டணுக்களும் ஏன் கிடைக்காமல் போயின?

கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடியதால் ரத்ததான முகாம்கள் நின்றன. சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் கொடையாளரைத் தேடித் தொலைபேசியிலேயே இரவுகளைக் கழித்தார்கள். இரண்டாம் அலையின்போது, தடுப்பூசி போட்டுக்கொண்டால் சில வாரம் ரத்தம் கொடுக்க முடியாது என்பதால், ஊசிக்கு முன்பே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த இளைஞர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

பயமும் தனிமையும் தூங்க விடுவதில்லை. என்ன செய்வது?

முகக்கவசம், கை கழுவுதல், கூட்டத்தைத் தவிர்த்தல் ஆகியவை ஊருக்கே புதிதாக இருந்தபோது, புற்றுநோயாளிகளுக்கு ஏற்கெனவே பழகியவை. அவர்கள் இழந்தவை வேறு. கீமோ அறையின் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசும் பேச்சு, "எனக்கும் முதல்முறை இப்படித்தான் வாய் புண்ணாயிற்று, சரியாகிவிடும்" என்று முன்பின் தெரியாத ஓர் அக்கா சொல்லும் சொல், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் தங்கை, கோயிலோ தேவாலயமோ தர்காவோ தந்த ஆறுதல் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே வரலாம், சில இடங்களில் அவரும் வரக் கூடாது என்ற விதியால், மோசமான முடிவைத் தன்னந்தனியே கேட்டுக்கொண்டு வெளியே வந்து வீட்டாரிடம் சொல்ல வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. அது போன்ற சந்திப்புகளில் வீட்டார் ஒருவரைத் தொலைபேசி இணைப்பில் வைத்திருக்க மருத்துவரிடம் அனுமதி கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தூக்கமின்மைக்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம். கீமோவோடு வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் ஒன்றிரண்டு இரவுகள் தூக்கத்தைக் கெடுத்து மனத்தைப் படபடக்கச் செய்யும். அதைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். படபடப்பில் மூச்சு வாங்குவதையும் உண்மையான மூச்சுத் திணறலையும் பிரித்தறிய விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும். 94க்குக் கீழே போனால் மருத்துவரிடம் போங்கள், சரியாக இருந்தால் அதை நாள் முழுவதும் மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்திருக்க வேண்டாம்.

மாலைதோறும் வெளியான பாதிப்பு, இறப்புக் கணக்குகளை ஒருநாளும் விடாமல் பார்த்தவர்களில் பலர் நோயைவிட அந்தக் கணக்காலேயே ஒடுங்கிப்போனார்கள். செய்தியை ஒருமுறை, பகலில் பார்ப்பது போதும். தினமும் குறித்த நேரத்தில் பேசுவதற்கு ஒருவர் இருப்பது, அவரோடு நோயைத் தவிர வேறு எதையாவது பேசுவது பெரிய பிடிமானம். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பசியின்மையும் சோர்வும் கீமோவாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். ஆகவே எதிலும் நாட்டமின்மை, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம், மாத்திரையை வேண்டாம் என்று ஒதுக்குதல் ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு, அது பலன் தரும்.

பார்த்துக்கொள்பவருக்கே தொற்று வந்துவிட்டால்?

இதைப் பெரும்பாலான வீடுகள் யோசித்து வைக்கவில்லை. மருந்து வேளை, உணவு முறை, அவசர எண்கள் ஆகியவற்றை அறிந்த இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரே அறை கொண்ட வீட்டில் தனிமைப்படுத்துவது நடவாத காரியம். அங்கே இருவரும் முகக்கவசம் அணிவது, சன்னலைத் திறந்து வைப்பது, தலைமாடு கால்மாடாகப் படுப்பது ஆகியவைதான் முடிந்தவை, அவையும் ஓரளவு பயன் தரும்.

ஊரடங்கில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, அல்லது வாய்ப்புண் ஆறவில்லை. இயல்பு நிலை திரும்பட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது போனால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள், திட்டினாலும் போங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, விழுங்குவதில் சிரமம், மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி ஆகியவற்றுக்குத் தொற்றுக்காலம் என்ற விலக்கு கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை செய்யலாம்; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் கதிர்வீச்சும் அறுவையும் அடங்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால், இன்றே செய்து வைக்க வேண்டியவை என்ன?

திசுப் பரிசோதனை அறிக்கை, இதுவரை எடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய சுருக்கச் சீட்டு, கடைசி ஸ்கேன் அறிக்கை ஆகிய மூன்றையும் படமெடுத்து, நோயாளியின் கைபேசியிலும் இன்னொருவர் கைபேசியிலும் வைத்திருங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவர் சிகிச்சையைத் தொடர நேர்ந்தால், இவை இல்லாமல் அவரால் ஒரு சொட்டு மருந்துகூட ஏற்ற முடியாது. நாள்தோறும் எடுக்கும் தமாக்சிஃபென், இமாடினிப் போன்ற மாத்திரைகள் தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே அடுத்ததை வாங்குங்கள். ஊரடங்கில் அஞ்சல் துறை மருந்துப் பொட்டலங்களைக் கொண்டுசேர்த்தது உண்மைதான், ஆனால் அதற்கும் நாள் பிடித்தது. நல்ல வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், கோவிட் ஊக்கத் தவணை பற்றியும் அடுத்த சந்திப்பில் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தக் கிழமைகளில் கீமோ கொடுக்கிறார்கள், உங்கள் மையம் எழுதித்தந்தால் அங்கே ஏற்றுவார்களா என்பதையும் வழி திறந்திருக்கும் இப்போதே போய் விசாரித்து வையுங்கள்.